யாழினி என்னும் பெயர்: தில்லியிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு விடை

மயூர் விகாரில் குடியிருக்கும் இளந்தம்பதியர் ஒருவர் தங்கள் முதல் பெண் குழந்தைக்கு யாழினி என்று பெயரிட எண்ணியிருக்கிறார்கள். கணவர் தஞ்சைப் பக்கத்தவர்; மனைவி தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். பெயரின் பொருள் என்ன, அது பழைய பெயரா புதியதா, இப்போது பலரும் வைக்கும் பெயரா, இந்தி பேசுவோர் நடுவில் அதை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தையின் பாட்டிக்கு ஒரு தயக்கமும் இருக்கிறதாம்: "வாயில் நுழையாத பெயரை வைத்துப் பிள்ளையைச் சிரமப்படுத்தாதீர்கள், மீனாட்சி என்று வையுங்கள்" என்கிறாராம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நகரில் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

யாழினி என்றால் யாழை உடையவள், யாழை இசைப்பவள் என்பது நேர்பொருள். பெயர்ப் பட்டியல்களில் 'இனிய இசை' என்றும் 'கலைமகள்' என்றும் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை நேர்பொருள் அல்ல, பெயரைக் கேட்டவர் மனத்தில் எழும் நினைவுகள். 'யாழ் போல் இனியவள்' என்று விரிப்பவர்களும் உண்டு. யாழ் என்பதோடு இனிமை என்னும் சொல்லின் ஒலியும் சேர்ந்து கேட்பதால் அந்த விளக்கம் தானாகவே நாவில் வந்துவிடுகிறது. அதில் தவறு காண வேண்டியதில்லை. 'இனி' என்பதற்கு 'இதன் பிறகு' என்ற பொருளும் இருப்பதைச் சொல்லிக் கேலி செய்யும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். அவரைப் பொருட்படுத்த வேண்டாம்.

'இனி' என்னும் ஈறு வடமொழியிலிருந்து வந்தது, ஆகவே இது பாதித் தமிழ்ப்பெயர்தான் என்று சிலர் வாதிடுவார்கள். நளினி, பத்மினி, ராகினி, மாலினி ஆகிய பெயர்களின் ஈறு வடமொழிப் பெண்பால் ஈறு என்பதும், அவை தமிழ் வீடுகளில் நெடுங்காலம் புழங்கியதால் அந்த ஓசை நம் காதுக்குப் பழகியது என்பதும் உண்மை. யாழினி என்னும் பெயர் எளிதில் பரவியதற்கு இந்தப் பழக்கம் துணை செய்திருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் யாழ் மீட்டிய பாணர் கூட்டத்தில் பாடிய பெண்ணுக்குச் சங்கப் பாடல்கள் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'பாடினி' என்பதை மறந்துவிடக் கூடாது. குறுந்தொகையில் விருந்து வரக் கரைந்த காக்கைக்குப் பலியிடுவதைப் பாடிய புலவருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாடுபவள் பாடினி என்றால், யாழுக்குரியவள் யாழினி ஆவதற்கு எந்தத் தடையும் இல்லை.

முதற்பாதியைப் பற்றி ஐயமே எழ வழியில்லை. 'ஆவோடு அல்லது யகரம் முதலாது' என்பது தொல்காப்பிய விதி. அதாவது தமிழ்ச்சொல் யகரத்தில் தொடங்குமானால் அது 'யா' என்றே தொடங்கும். யாறு, யாண்டு, யாமை, யாடு, யானை, யாழ் என்று அந்த வரிசை போகும். இவற்றுள் யாறு ஆறாயிற்று, யாண்டு ஆண்டாயிற்று, யாமை ஆமையாயிற்று, யாடு ஆடாயிற்று. யானையைக்கூடப் பேச்சில் ஆனை என்றுதான் சொல்கிறோம். யாழ் மட்டும் தன் யகரத்தை விடவே இல்லை. முதலிலும் முடிவிலும் பழைய தமிழின் அடையாளம் பதிந்த சொல் அது.

யாழ் என்பது வீணையின் பழைய பெயர் என்ற தவறான கருத்து பரவலாக இருக்கிறது. இரண்டும் வேறு கருவிகள். இன்றைய வீணையில் ஒரே நரம்பை மெட்டுகளின் மேல் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரந்தான், ஆகவே எத்தனை சுரம் வேண்டுமோ அத்தனை நரம்பு கட்ட வேண்டும். வில்லின் நாண் அதிர்வில் எழும் ஓசையிலிருந்து அது தோன்றியிருக்க வேண்டும் என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் அழகான காட்சி துணை நிற்கிறது. குழல் ஊதி அலுத்துப்போன ஆயன் ஒருவன், உட்டுளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, அந்த வில்யாழில் குறிஞ்சிப்பண்ணை மீட்டுகிறான். காட்டில் கிடைத்ததைக் கொண்டு கையாலேயே செய்துகொண்ட கருவி அது. பாணர்கள் கையிலிருந்ததோ நுட்பமான வேலைப்பாடு: மரத்தைக் குடைந்த பத்தர், அதன்மேல் இழுத்துப் போர்த்த தோல், வளைந்து உயர்ந்த கோடு, நரம்புகளை இறுக்கிக் கட்டும் திவவு என்று உறுப்புக்கு உறுப்பு பெயர் உண்டு. பொருநராற்றுப்படை இவற்றை ஒவ்வொன்றாக உவமை காட்டி வருணித்துவிட்டு, வழிப்பறிக் கள்வரும் படைக்கலத்தைக் கைவிட்டு அருள்கொள்ளும்படி ஒலிக்கும் பாலை யாழ் என்று முடிக்கிறது: 'ஆறலை கள்வர் படைவிட அருளின் மாறுதலை பெயர்க்கும் மருவின் பாலை.' ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் இப்படியொரு வரி இருப்பதைவிடப் பெரிய சீர் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சிறிய யாழைச் சீறியாழ் என்றும் பெரியதைப் பேரியாழ் என்றும் வழங்கினார்கள். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று சிலப்பதிகார உரைகள் கணக்குச் சொல்கின்றன. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், புள், பறை இவற்றோடு யாழையும் சேர்க்கிறது. ஆக, குறிஞ்சிக்கு ஒரு யாழ், முல்லைக்கு ஒரு யாழ் என்று ஒவ்வொரு நிலமும் தனக்குரிய இசையோடு நின்றது.

படித்தவர் வீடுகளில் இன்னொரு தயக்கமும் எழுவது உண்டு. புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழை மாற்றி மாற்றி வாங்கிப் பாடிய கானல்வரிதான் அவர்களுடைய பிரிவுக்கு வாயிலாயிற்று. 'யாழிசைமேல் வைத்து' ஊழ்வினை வந்து உருத்தது என்பது இளங்கோவின் தொடர். அதனால் இப்பெயர் ஆகாது என்று ஒருவர் என்னிடமே வாதிட்டார். சிலம்பு கண்ணகிக்குச் செய்ததை நினைத்து நாம் பெண்களுக்குச் சிலம்பணியாமல் விட்டுவிட்டோமா என்று கேட்டேன். மேலும், யாழால் கூடிய கதையும் தமிழில் இருக்கிறது: சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை, யாழிசையில் தன்னை வெல்பவனையே மணப்பதாக இருந்து, சீவகனிடம் தோற்று மாலையிடுகிறாள்.

பாட்டிக்குச் சொல்லத்தக்க செய்தி சைவத் திருமுறைகளில் இருக்கிறது. வேதாரணியத்தில், அதாவது பழைய திருமறைக்காட்டில், கோயில் கொண்டிருக்கும் அம்மையின் பெயரே யாழைப் பழித்த மொழியாள். 'யாழைப்பழித்தன்ன மொழி மங்கை' என்று சுந்தரர் தேவாரம் பாடுகிறது. அம்மையின் குரல் யாழையும் விஞ்சியதால் அங்குக் கலைமகள் வீணையின்றி இருக்கிறாள் என்பது தலத்து வழக்கு. திருஞானசம்பந்தருடன் ஊர் ஊராகச் சென்று பதிகங்களை யாழில் இசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் அறுபத்துமூவருள் ஒருவர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய 'மாதர் மடப்பிடி' பதிகத்தின் இசை யாழின் நரம்புகளுக்குள் அடங்காமல் போகவே, யாழ்ப்பாணர் தம் யாழை உடைக்க முற்பட்டார் என்றும் சம்பந்தர் தடுத்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்தின் பண்ணுக்கு யாழ்மூரி என்றே பெயர். ஆக, மீனாட்சியை விரும்பும் பாட்டியிடம், இதுவும் அம்மன் வாசலிலிருந்து வந்த பெயர்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

திருக்குறளைச் சொல்லாமல் விட முடியாது. 'குழலினிது யாழினிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளாதவர்' என்ற குறளில், சொற்களைச் சேர்த்துப் படிக்கும்போது 'யாழினி' என்ற ஒலி அப்படியே கிடைக்கிறது. இப்பெயர் வைக்கும் பெற்றோர் பலர் இந்தக் குறளைத்தான் அழைப்பிதழில் அச்சிடுகிறார்கள். மழலையின் முன் யாழ் தோற்றது என்பதல்லவா குறளின் கருத்து, அப்படியிருக்க மழலைக்கே யாழின் பெயரை வைப்பானேன் என்று யாராவது மடக்கினால், சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

கருவியாகிய யாழ் இடைக்காலத்தில் மெல்ல மறைந்தது. அதன் இடத்தை வீணை எடுத்துக்கொண்டது. கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சுவாமி விபுலாநந்தர், பல ஆண்டு ஆய்வின் பயனாகப் பழைய யாழ்களின் அமைப்பையும் நரம்புக் கணக்கையும் இசைமுறையையும் 'யாழ் நூல்' என்ற பெரும் படைப்பில் விளக்கினார். அது 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது; அடுத்த மாதமே அவர் மறைந்தார். யாழ் என்றால் இன்னதென்று இன்று நாம் படம் வரைந்து காட்ட முடிகிறதென்றால் அதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

தில்லியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அக்கம்பக்கத்தார் 'யாழ் என்றால் என்ன' என்று கேட்டால், 'தென்னிந்திய வீணை' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். சமுத்திரகுப்தர் வெளியிட்ட பொற்காசுகளில் ஒரு வகையில், அரசர் இருக்கையில் அமர்ந்து மடியில் ஒரு நரம்புக்கருவியை வைத்து இசைப்பதாகப் பொறித்திருக்கிறது. வடக்கே அதை வீணை என்றார்கள். உருவத்தில் அது வில்போல் வளைந்தது, நம்முடைய யாழின் உறவு. பள்ளிப் பாடப்புத்தகத்தில் அந்தக் காசின் படத்தைப் பார்க்காத பிள்ளை இந்த ஊரில் இருக்காது. பர்மாவில் இன்றும் வாசிக்கப்படும் சவுங் என்னும் கருவியும் இந்த வில்யாழ்க் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இனி, பெயரின் வயது. சொல் பழையது, பெயர் புதியது என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஔவை, வெள்ளிவீதி, நச்செள்ளை, நக்கண்ணை, மாசாத்தி என்று பழம்பெண்களின் பெயர்கள் பல நமக்குக் கிடைத்திருந்தும் அவர்கள் நடுவில் யாழினி இல்லை. ஈழத்துப் பெருநகர் ஒன்று யாழ்ப்பாணம் என்று பெயர் பெற்று, கண்பார்வையற்ற பாணன் ஒருவன் யாழிசைத்து அந்நிலத்தைப் பரிசாகப் பெற்றான் என்ற கதையும் வழங்கியதே தவிர, தமிழ் வீடுகளில் பெண்ணுக்கு யாழின் பெயரை வைக்கும் வழக்கம் அண்மைக்காலத்தது. அதற்கு நிலத்தைப் பண்படுத்தியது, 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் அதன்பின் வந்த திராவிட இயக்கமும். வேதாசலம் மறைமலையானார், நாராயணசாமி நெடுஞ்செழியனானார், இராமையா அன்பழகனானார். பெரியவர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொண்ட காலம் அது. அடுத்த தலைமுறையில் பிறந்த பெண்களுக்குத் தொடக்கத்திலேயே தமிழரசி, கயல்விழி, மலர்விழி, கனிமொழி என்று பெயர்கள் அமைந்தன.

என் வகுப்பு வருகைப் பதிவேடுகளை மனத்தில் புரட்டிப் பார்க்கிறேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில் லட்சுமி, மீனாட்சி, கோமதி, தமிழ்ச்செல்வி. பிறகு ஒரு நீண்ட காலம் ஷகரமும் ஸகரமும் இல்லாத பெயரே அரிதாக இருந்தது. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் யாழினி, இனியா, நிலா, மகிழினி, தமிழினி என்று நான்கு எழுத்துக்குள் முடியும் தமிழ்ப்பெயர்கள் வரத் தொடங்கின. அமெரிக்காவில் 1880 முதல் பிறந்த குழந்தைகளின் பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி அரசே வெளியிடுவது போன்ற வழக்கம் நம் நாட்டில் இல்லாததால், பதிவேடும் திருமண அழைப்பிதழும் தாம் நமக்குச் சான்று. அந்தச் சான்றின்படி, யாழினி இன்று தமிழ்நாட்டிலும் ஈழத்தவரிடையேயும் நன்கு பரவிய பெயர். தில்லி வகுப்பறையில் ஒரே பெயரில் இருவர் இருக்கும் நிலை இன்னும் வரவில்லை.

எஞ்சியிருப்பது ழகரம். இதுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி என்பதால் சற்று நின்று பார்ப்போம். 'நுனிநா அணரி அண்ணம் வருட' ரகரமும் ழகரமும் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை அழுத்தாமல் தடவிச் செல்ல வேண்டும். இந்தியில் இந்த ஒலி இல்லை; பழங்கன்னடத்தில் இருந்து பின்னர் மறைந்தது; தமிழும் மலையாளமும் காத்து வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே பலருக்கு அது ளகரமாகிவிடும்போது லஜ்பத் நகர்க்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை.

உண்மையான சிக்கல் நாவில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட், எச் என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது தமிழரும் மலையாளிகளும் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அதை அறியாத இந்திக்காரர், எழுத்தைப் பார்த்தபடியே படித்து, கொடியைக் குறிக்கும் 'ஜண்டா' என்ற இந்திச் சொல்லின் முதல் எழுத்தாகிய அழுத்தமான ஜகரத்தைப் போட்டுவிடுகிறார். கோழிக்கோடு இந்தி நாளிதழ்களில் அப்படித்தான் ஆயிற்று. நாடாளுமன்றச் செய்தியில் கனிமொழி என்னும் பெயரும் அப்படித்தான் ஒலிக்கிறது. என் மகள் கயல்விழி பள்ளி முடிக்கும்வரை 'விஜி'யாகவே இருந்தாள். அவள் அதை ஒரு செல்லப்பெயராக ஏற்றுக்கொண்டது என் நற்பேறு. ஆங்கிலத்தை அறியாத காலத்தில் இந்தியும் வடமொழியும் ழகரத்தை எப்படி எழுதின என்று பாருங்கள்: சோழர் 'சோல' ஆனார்கள், ஆழ்வார் 'ஆல்வார்' ஆனார்கள். லகரம் போடுவது வடக்கில் நெடுங்கால மரபு, ஜகரம் போடுவது ஆங்கில எழுத்தைத் தவறாகப் படித்ததால் வந்த புதிய பிழை.

ஆகவே என் பரிந்துரை இது. ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இசட், எச் என்றே எழுதுங்கள். தமிழர் எங்கிருந்தாலும் உடனே சரியாகப் படிப்பார்கள். ஈழத்தவர் எல் என்ற ஒற்றை எழுத்தால் எழுதுவார்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயிலின் பெயரும் அப்படித்தான் எழுதப்படுகிறது. அதுவும் பிழையில்லை, ஆனால் தமிழ்நாட்டு உறவினர் 'யாலினி' என்று படித்துவிடுவார்கள். முதல் உயிரை நீட்டிக் காட்ட இரண்டு ஏ போடுவது என் நோக்கில் தேவையற்றது. எழுத்து கூடக் கூடப் படிவங்களில் பிழையும் கூடும். இந்தியில் எழுத நேரும்போது மட்டும் லகரத்தைக் கேட்டு வாங்குங்கள். தேவநாகரியில் மராத்தியர் வழங்கும் ளகரத்தின் கீழே ஒரு புள்ளி இட்டு ழகரத்தைக் குறிக்க எழுத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் இவ்வூரில் அரிது, அச்சிலும் விடுபட்டுப்போகும். ஆதார் பதிவின்போது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பெயரைக் கணினி தானாகவே இந்திக்கு மாற்றிக் காட்டும்; அங்குதான் ஜகரம் நுழையும். திரையைப் பார்த்து, அங்கேயே திருத்தச் சொல்லிவிட்டால் பிற்பாடு அலைய வேண்டியதில்லை.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்றாலும், பெயரை அப்போதே சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம். வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லையென்றால் அவசரப்படாதீர்கள். 2023 அக்டோபர் முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், அதில் ஏறும் ஆங்கில எழுத்துக்கூட்டல் கடைசிவரை உடன்வரும். வடக்கே படிவங்களில் முன்னெழுத்து சிக்கல் தரக்கூடும். தந்தை பெயரை முழுமையாகவே எழுதிவிடுங்கள்.

நட்சத்திர எழுத்துப் பார்க்கும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டென்றால், 'யா' கேட்டைக்குரிய எழுத்துகளுள் ஒன்று. உங்கள் குழந்தை கேட்டையில் பிறந்திருந்தால் பாட்டி, கேட்டையில் பிறந்தால் கோட்டை கட்டி ஆளலாம் என்ற பழமொழியைச் சொல்லி உடனே இசைந்துவிடுவார். வேறு நட்சத்திரமானால் மீனாட்சி என்பதைக் காதில் ஓதும் பெயராக வைத்து, யாழினியைப் பதிவேட்டுப் பெயராக்கிக்கொள்ளுங்கள். தமிழ் வீடுகளில் இரண்டு பெயர் என்றும் இருந்ததுதான். பாட்டிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. குழந்தைக்கு நான்கு வயது ஆவதற்குள் அவள் தன் பெயரிலுள்ள ழகரத்தைத் திருத்தமாகச் சொல்லப் பழகிவிட வேண்டும். வாழைப்பழம், மழை, கிழவி என்று நாள்தோறும் சொல்லிக்கொடுக்கப் பாட்டியைவிட நல்ல ஆசிரியர் தில்லியில் கிடைக்கமாட்டார்.